குளிர்ந்த காற்றெல்லாம் புதிய காற்றன்று

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நோயாளிக்காக ஏ.சி. பொருத்தி, சன்னல்களை அடைத்துவைக்கும் குடும்பங்கள் பல. அன்பினால் செய்யும் இந்த ஏற்பாடு, காசநோய் போன்ற காற்றில் பரவும் நோய்களில் கேடாக முடியலாம்.

வீட்டு ஸ்பிளிட் ஏ.சி. பொதுவாக அறைக்குள் இருக்கும் காற்றையே இழுத்துக் குளிர்வித்து மீண்டும் அறைக்குள் விடுகிறது. வெளியே உள்ள பெட்டி வெப்பத்தை மட்டுமே அகற்றுகிறது. அதன் வலை தூசியைத் தடுக்கும். காசநோய்க் கிருமியைத் தடுக்காது. ஒருவர் இருமிய காற்றையே அனைவரும் சுவாசிக்க நேரிடும்.

பெரிய கட்டடங்களின் மையக் குளிரூட்டும் அமைப்பு, வெளிக்காற்றையும் சேர்த்து வடிகட்டி அனுப்புமாறு வடிவமைக்கப்படுகிறது. காற்றில் பரவும் நோயாளிகளுக்கான தனியறையில் மணிக்கு 12 முறையேனும் காற்று மாற வேண்டும் என்பது உலக அளவிலான நெறி. பெரிய அமைப்புகளுக்கும் பராமரிப்பு இன்றியமையாதது. 1976-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகர விடுதி ஒன்றில் பரவிய ‘லெஜியோனல்லா’ நுரையீரல் அழற்சி இதை உணர்த்தியது.

தூத்துக்குடியில் நமக்குக் கடற்காற்று உண்டு. தொற்று பரவும் நிலை நீங்கியதென மருத்துவர் கூறும்வரை, நோயாளியின் அறையில் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்துவையுங்கள், மின்விசிறி போதும். இருமும்போது வாயை மூடுவதும், மாத்திரைகளைத் தவறாமல் உட்கொள்வதும் அவசியம். மற்ற நோயாளிகளுக்கு ஏ.சி. தடையன்று, வலையை இரு வாரங்களுக்கு ஒருமுறை கழுவி, நாள்தோறும் சிறிது நேரம் சன்னலைத் திறந்துவைத்தால் நலம்.

வீடு திரும்புமுன், “அறையை மூடிவைக்கலாமா?” என மருத்துவரிடம் கேளுங்கள்.