மனச்சிதைவு நோய்க்கு மருந்து வகுக்கும் முறை

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் மருந்து என்னும் பெயருடையது. நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பேணுபவன் என்னும் நான்கும் கூடியதே மருத்துவம் என அதன் இறுதிக் குறளில் வள்ளுவர் வகுத்துரைத்தார். உடலைப் பற்றும் நோய்கள் சிலவற்றில் இவற்றுள் ஒன்று குறைந்தாலும் ஏனையவை ஓரளவு ஈடுசெய்தல் கூடும். உள்ளத்தைப் பற்றும் நோயிலோ ஒன்று குன்றின் நான்கும் குன்றும். மனச்சிதைவு நோய்க்கு வைத்தியர் மருந்து வகுக்கும் முறையை ஆராய்வார்க்கு இவ்வுண்மை தெளிவாகப் புலப்படும்.

மனச்சிதைவு என்பது ஒருவருள் இருவர் வாழ்வதன்று. சிந்தனை, உணர்ச்சி, செயல் ஆகியன ஒன்றோடொன்று பொருந்தி இயங்கும் இணக்கம் குலைவதே இந்நோய். சுவிற்சர்லாந்து நாட்டு வைத்தியர் ஒய்கன் புளொய்லர் 1908ஆம் ஆண்டில் இதற்கு இப்போது வழங்கும் மேனாட்டுப் பெயரை இட்டார். பேசுவார் இல்லாதவிடத்துக் குரல் கேட்டல், பிறர் தமக்குத் தீங்கு சூழ்கின்றனர் என அசையாது நம்புதல், தம் எண்ணங்களைப் பிறர் அறிந்துவிடுகின்றனர் எனக் கருதுதல் என்பன ஒருவகைக் குறிகள். பேச்சுக் குறைதல், முயற்சி ஒழிதல், உறவினரை விட்டு ஒதுங்குதல் என்பன மற்றொரு வகை. உலகில் இரண்டு கோடிக்கு மேற்பட்டோர் இந்நோயால் வருந்துகின்றனர். பெரும்பாலும் இளமைப் பருவத்திலேயே இது தலைகாட்டுகின்றது.

இந்நோய்க்குரிய மருந்துகளின் வரலாறு நெடியதன்று. சர்ப்பகந்தா என்னும் மூலிகையின் வேர் சித்தப்பிரமையைத் தணிக்கும் என்பதை இந்திய வைத்தியர்களான கணநாத சென், கார்த்திக் சந்திர போசு ஆகிய இருவரும் 1931இல் ஓர் ஆய்வுரையாக வெளியிட்டனர். அவ்வேரிலிருந்து ரெசர்ப்பின் என்னும் பொருள் 1952இல் பிரித்தெடுக்கப்பட்டது. அதே ஆண்டில் பாரிசு நகரின் சந்த்-ஆன் ஆஸ்பத்திரியில் டிலே, டெனிக்கர் என்போர் குளோர்ப்புரோமசின் என்னும் மருந்தைக் கையாண்டு வியத்தகு பயன் கண்டனர். 1958இல் பெல்சிய நாட்டில் ஹாலோபெரிடோல் தோன்றியது. ரெசர்ப்பின் இரத்த அழுத்தத்தைப் பெரிதும் குறைத்தும் மனச்சோர்வை விளைத்தும் வந்தமையால் நாளடைவில் இத்துறையினின்றும் நீங்கியது. ஏனைய இரண்டும் நிலைத்தன. 1990ஆம் ஆண்டுகளில் ரிஸ்பெரிடோன், ஒலான்சபின் முதலியன அவற்றோடு சேர்ந்தன.

இம்மருந்துகள் எங்ஙனம் தொழிற்படுகின்றன? மூளையில் நரம்பணுக்களிடையே செய்தி கொண்டு செல்லும் பொருள்களுள் டோபமீன் ஒன்று. இம்மருந்துகள் அதன் ஏற்பிகளைத் தடுக்கின்றன. ஏற்பிகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 65 தடுக்கப்படும்போது குரல்களும் ஐயங்களும் தணியத் தொடங்குகின்றன. ஏறத்தாழ 80ஐ எட்டும்போது கைகால் விறைப்பும் நடுக்கமும் தோன்றுகின்றன. நலத்துக்கும் தீங்குக்கும் இடையேயுள்ள வெளி இத்துணைச் சிறிது. ஆகவே, மருந்தை மிகுதியாகக் கொடுத்தால் நோய் விரைந்து தீரும் என்னும் எண்ணம் பிழையானதாகும். ரிஸ்பெரிடோன் ஆயின், நாளொன்றுக்கு 1 அல்லது 2 மில்லிகிராமில் தொடங்கி, பெரும்பாலார்க்கு 4 முதல் 6 மில்லிகிராம் அளவில் வைத்தியர் நிறுத்துவர். தக்க அளவில் நான்கு முதல் ஆறு கிழமைகள் கொடுத்துப் பார்த்த பின்னரே அம்மருந்து பயன்தந்ததா என முடிவுசெய்வர். கிழமைக்கொரு மருந்தாக மாற்றுவது நோயாளியைத் துன்புறுத்துவதன்றி வேறு பயன் தராது.

இனி, இப்பொது முறை ஓரிடத்துக்குப் பொருந்தும் வகையை நோக்குதல் வேண்டும். சப்பிரகமுவ மாகாணத்துக் கேகாலை மாவட்டத்தில், அவிசாவளையை அடுத்துள்ளது தெஹியோவிட்ட. இதனைச் சூழ்ந்த மலைச்சாரல்களில் இறப்பர்த் தோட்டங்கள் பரந்துள்ளன. அவற்றின் லயன்களில் தமிழ்த் தொழிலாளர் தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். இத்தகைய தோட்டத்து இளைஞன் ஒருவனுக்கு இந்நோய் கண்டதெனக் கொள்க. அவனுக்கு மருந்தெழுதும் வைத்தியர் எவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்?

முதலாவது மொழி. இந்நோயை இரத்தப் பரிசோதனை காட்டித் தராது; நோயாளியின் சொற்களே சான்று. வைத்தியர் சிங்களமும் நோயாளி தமிழும் பேசுவராயின், இடைநின்று மொழிபெயர்ப்பவர் ஒரு சொல்லை மாற்றினும் நோயின் பெயரே மாறிவிடும். முனி தன்னோடு பேசியது என ஒருவன் கூறுவானாயின், அது நோய்க்குறியோ அன்றி அவ்வூரார் அனைவர்க்கும் பொதுவான நம்பிக்கையோ என வேறுபடுத்தி அறிதல் வேண்டும். அயலாரும் வீட்டாரும் அதனை இயல்பெனக் கொள்வரா என வினவுதலே அதற்கு வழி. மது, கஞ்சா, காய்ச்சல், வலிப்பு, தைரொயிட் சுரப்பியின் கோளாறு என்பன இந்நோய் போலத் தோற்றுவிக்கும் மயக்கங்களையும் முதலில் விலக்கல் வேண்டும்.

இரண்டாவது தொழில். இறப்பர்ப் பால் விடியற்காலையிலேயே மிகுதியாகச் சுரக்கும். ஆகவே தொழிலாளி இருள் பிரியுமுன் எழுந்து பிரட்டுக்குச் செல்ல வேண்டியவன். உறக்கந்தரும் மருந்தை இரவில் நேரந்தாழ்த்தி உண்பானாயின் காலையில் எழான். எழாவிடின் அன்றைய சம்பளம் இல்லை. சில நாளில் அவன் மருந்தையே விட்டுவிடுவான். ஆதலால் அம்மருந்தை முன்னிரவில் உண்ணுமாறு வகுத்தலோ, உறக்கம் குறைந்த வேறொன்றைத் தேர்தலோ தக்கதாகும். குளோர்ப்புரோமசின் உண்பார்க்கு வெயிற்பட்ட தோல் எளிதிற் கன்றுமாதலின், வெளியில் உழைப்பார்க்கு அதனையும் எண்ணியே கொடுத்தல் வேண்டும்.

மூன்றாவது பழக்கங்கள். புகையிலைப் புகை ஒலான்சபின், குளோசபின் ஆகியவற்றை ஈரல் விரைந்து சிதைக்கச் செய்து உடலில் அவற்றின் அளவைக் குறைக்கும். ஆஸ்பத்திரியிற் புகைக்காதிருந்தவன் வீடு சென்று மீண்டும் புகைப்பானாயின் மருந்து போதாமற் போகும். வெற்றிலையோடு மெல்லும் பாக்கில் உள்ள ஒரு பொருள், விறைப்பைத் தணிக்கக் கொடுக்கும் மருந்தின் செயலை மாறுபடுத்துவதாக ஐயுறத்தக்க நோயாளர் சிலர் மருத்துவ ஏடுகளிற் குறிக்கப்பட்டுள்ளனர். வெற்றிலை போடுவாயா என்னும் வினா இங்ஙனம் மருத்துவ வினாவாகவும் ஆகின்றது.

நான்காவது பக்கவிளைவு பற்றிய முன்னறிவிப்பு. ஹாலோபெரிடோல் போன்ற மருந்தைத் தொடங்கிய சில நாளில், சிறப்பாக இளைஞர்க்கு, கழுத்துத் திருகிக் கண்கள் மேலே செருகி நிற்றல் உண்டு. அதனைக் கண்டோர் பேய் சினந்தது என அஞ்சிப் பூசாரியிடம் ஓடுதல் இயல்பே. உண்மையில் அது மருந்தின் விளைவு. உரிய ஊசி ஒன்றால் சில நிமிடங்களில் நீங்கத்தக்கது. மருந்தெழுதும்போதே இதனை எடுத்துரைத்தால் வீட்டார் ஆஸ்பத்திரிக்கு வருவர். உரைக்காவிடின் மருந்தின்மேல் அவர்க்குள்ள நம்பிக்கை அன்றோடு அழியும். ஒலான்சபின் முதலியவற்றால் உடல் பருத்தலும் நீரிழிவும் நேரலாமாதலின், நிறையும் இரத்தச் சர்க்கரையும் காலந்தோறும் அளக்கப்படல் வேண்டும்.

ஐந்தாவது தொடர்ச்சி. நோய் தணிந்தவுடன் மருந்து வேண்டாவென நினைத்தல் மனித இயல்பு. முதன்முறை நோயுற்று நலம் பெற்றோரைத் தொடர்ந்து நோக்கி 1999இல் வெளியிடப்பட்ட அமெரிக்க ஆய்வொன்று, மருந்தை நிறுத்தியோர்க்கு நோய் மீளும் அபாயம் ஏறத்தாழ ஐந்து மடங்கு எனக் காட்டிற்று. நாள்தோறும் வில்லை உண்ண இயலாதார்க்கு இரண்டு முதல் நான்கு கிழமைகளுக்கு ஒருமுறை இடும் நெடுநாள் ஊசி உண்டு. கிளினிக்குக்குச் செல்லும் நாள் தொழிலாளிக்குச் சம்பளம் இழக்கும் நாளாகலின், அவன் வரவேண்டிய நாள்களைக் குறைத்தலும் சிகிச்சையின் ஒரு பகுதியே. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் இலங்கை ஆஸ்பத்திரிகளில் மருந்துத் தட்டுப்பாடு நேர்ந்தது. அத்தகைய காலத்தில் எம்மருந்துக்கு எம்மருந்து எவ்வளவில் ஈடாகும் என்னும் அறிவும் வைத்தியர்க்கு இன்றியமையாதது.

இரண்டு மருந்துகள் உரிய அளவிலும் காலத்திலும் பயன்தராவிடின் குளோசபின் கொடுக்கப்படும். 1975இல் பின்லாந்தில் இதனை உண்டோருட் சிலர் இரத்த வெள்ளணுக்கள் அருகி இறந்தமையால் இது பல நாடுகளில் ஒதுக்கப்பட்டது. பிற மருந்துகளுக்கு இணங்காத நோயாளர்க்கும் இது பயன்தரும் என 1988இல் ஓர் ஆய்வு நிறுவிய பின்னர், இரத்தப் பரிசோதனையோடு மீண்டும் வந்தது. 12.5 மில்லிகிராமிற் தொடங்கி மெல்ல உயர்த்தப்படும் இம்மருந்து 48 மணி நேரத்துக்கு மேல் தடைப்படின், மீண்டும் தொடக்க அளவிலிருந்தே ஏறிவர வேண்டும். மண்சரிவால் பாதை அடைபட்டு இரண்டு நாள் மருந்து தவறுதல் மலைநாட்டில் அரிதன்று. அப்போது பழைய அளவையே உண்டுவிடல் ஆபத்தாகும் என்பதை வீட்டார் அறிந்திருத்தல் வேண்டும்.

இலங்கை நோயாளரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து நோக்கிய நான்சி வக்சிலர் என்னும் அறிஞர், அவருட் பலர் நன்னிலை எய்தியதை 1979இல் எடுத்துக்காட்டினார். நோயாளி மீண்டும் வழமைக்குத் திரும்புவான் எனக் குடும்பத்தாரும் ஊராரும் எதிர்பார்த்து ஏற்றுக்கொள்வதே அதற்குரிய காரணங்களுள் சிறந்தது என அவர் கருதினார். வள்ளுவர் கூறிய நான்காம் உறுப்பு இதுவேயாம். மாலையில் வேலை முடிந்து வந்து, தன் மகனுக்குச் சோறிட்டு, வில்லையை எடுத்துக் கொடுத்து, அவன் விழுங்கும்வரை அருகிருக்கும் தாயும் மருத்துவத்தின் ஓர் உறுப்பே. அவள் விளங்கிக்கொள்ளாத மருந்துச்சீட்டு எழுதி முடிக்கப்படாத சீட்டாகும். மருந்தின் பெயரோடு, அதனை உண்பவனின் மொழியும் தொழிலும் வீடும் அறிந்து எழுதப்படும் சீட்டே அவன் நோயைத் தணிக்க வல்லது.