காலையில் பட்டினி, மதியம் பிரியாணி! சர்க்கரை நோயாளிகளே, உஷார்!

திண்டுக்கல்: ஆறு நாள் கேழ்வரகுக் கூழ், சப்பாத்தி என்று வாயைக் கட்டுகிறார்கள். ஞாயிறு வந்ததும் "ஒரு நாள்தானே, என்ன ஆகிடும்?" என்று பிரியாணிக் கடைக்குக் கிளம்பிவிடுகிறார்கள்.

ஊர் வாகு அப்படி! 1957-ல் நாகசாமி நாயுடு இங்கே கடை திறந்தார். அவர் கட்டிய தலைப்பாகையே பிரியாணிக்குப் பெயராகிவிட்டது. சீரகச் சம்பா மணம் வந்தால் கால் தானாக நடக்கும். யாரைக் குறை சொல்வது?

வம்பு அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. மதியம் ஒரு பிடி பிடிப்பதற்காகக் காலைப் பலகாரத்தை விட்டுவிடுகிறார்கள். சர்க்கரை மாத்திரையை மட்டும் வழக்கம்போல் போட்டுக்கொள்கிறார்கள்! சில மாத்திரைகளும் இன்சுலினும் வெறும் வயிற்றில் சர்க்கரையைத் தடாலென்று இறக்கிவிடும். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், மயங்கியும் விழலாம். நினைவு இருக்கும்போதே சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிதான்.

தப்பித்தவர்களும் அகோரப் பசியில் இரண்டு பங்கு சோற்றை உள்ளே தள்ளுகிறார்கள். இறங்கிய சர்க்கரை எகிறுகிறது!

காலையில் இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டால் மதியம் கை அளவாகப் போகும். தட்டில் பாதி காய்கறி, பழம் இருக்கட்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2024 வழிகாட்டி. காய்க்கா பஞ்சம்? பக்கத்து ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து லாரி லாரியாகக் கேரளாவுக்கே போகிறது. இங்கே ஞாயிறு தட்டில் ஒரு கரண்டி வெங்காயப் பச்சடி, அதையும் ஒதுக்கிவிடுகிறார்கள்!

ராத்திரிக்குப் பரோட்டா, சால்னாவா? அதை அடுத்த வாரம் பார்த்துக்கலாம், அண்ணாச்சி!