பெயர் இழந்தவர் பெற்ற பெயர்

ஒரு பந்தயத்தின் முடிவை இரண்டே எண்களில் சொல்லிவிடலாம். 1912-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 9-ந் தேதி அமெரிக்காவில் வெஸ்ட் பாயிண்ட் என்னும் இடத்தில் நடந்த கால்பந்துப் பந்தயத்தின் முடிவு 27-க்கு 6. தோற்றவர்கள் அந்நாட்டு ராணுவத்துக்கு அதிகாரிகளைத் தயார் செய்யும் கலாசாலையின் மாணவர்கள். வென்றவர்களோ, அதே ராணுவத்தினால் ஒடுக்கப்பட்டு நிலம் இழந்த பூர்வகுடிகளின் பிள்ளைகள். இந்த இரண்டு எண்களுக்குப் பின்னால் மறைந்திருக்கும் சரித்திரத்தை நேயர்களுக்கு எடுத்துச் சொல்ல விரும்புகிறோம்.

கொலம்பஸ் இந்தியாவைத் தேடிப் புறப்பட்டு வேறொரு கரையை அடைந்த கதை நாம் அறிந்ததே. அவர் செய்த பிழையினால் அந்நாட்டின் ஆதி மக்களுக்கு ‘இந்தியர்’ என்ற பெயர் வந்து சேர்ந்தது. நானூறு வருஷங்களுக்குள் அவர்களுடைய நிலம் பெரும்பாலும் வெள்ளையர் வசமாயிற்று. யுத்தங்கள் ஓயும் தறுவாயில், மிஞ்சிய மக்களை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. ரிச்சர்ட் பிராட் என்னும் குதிரைப்படை அதிகாரி அதற்கு ஒரு விடை கண்டார். பெற்றோரிடமிருந்து பிள்ளைகளை நெடுந்தூரம் பிரித்து, அவர்களிடம் உள்ள ‘இந்தியத் தன்மை’யை அடியோடு போக்கிவிட்டால், எஞ்சும் மனிதன் அமெரிக்கனாகிவிடுவான் என்பது அவருடைய சித்தாந்தம். 1879-ல் பென்ஸில்வேனியா மாகாணத்தில் கார்லைல் என்ற ஊரில், பழைய ராணுவக் குடியிருப்பு ஒன்றில், அவருடைய தொழிற்பள்ளி ஆரம்பமாயிற்று.

பள்ளிக்கு வந்து சேர்ந்ததும் பிள்ளைகளின் நீண்ட கூந்தல் கத்தரிக்கப்பட்டது. தாய்மொழியில் பேசுவது குற்றமாயிற்று. பெயரும் மிஞ்சவில்லை. முதல் வருஷத்தில் வந்த லகோட்டா சிறுவர்களுள் ஒருவர், பின்னாளில் நூலாசிரியராகப் புகழ்பெற்ற லூதர் ஸ்டாண்டிங் பேர். கரும்பலகையில் ஆங்கிலப் பெயர்கள் பல எழுதப்பட்டிருந்தன. அவை இன்னவை என்று அறியாமலே குச்சியால் ஒன்றைத் தொட்டுக் காட்ட வேண்டும். தொட்ட பெயர் அன்று முதல் சொந்தப் பெயர். இப்படித்தான் அவர் ‘லூதர்’ ஆனார். உபாத்தியாயத் தொழிலில் இருக்கும் நமக்கு, கரும்பலகைக்கு இப்படியும் ஓர் உபயோகம் உண்டா என்று மனம் பதைக்கிறது.

இத்தகைய பள்ளியில் பந்தாட்டம் புகுந்த விதம் விசித்திரமானது. மாணவர்கள் கால்பந்து ஆடத் தொடங்கிய புதிதில் ஒருவனுக்குக் கால் முறிந்தது. உடனே பிராட் வெளியூர்க் கட்சிகளுடன் ஆடுவதற்குத் தடை விதித்தார். சில காலம் கழித்துச் சுமார் நாற்பது மாணவர்கள் திரண்டு வந்து அவரிடம் முறையிட்டார்கள். அவர் இரண்டு நிபந்தனைகளுடன் இணங்கினார். எதிரி கைநீட்டி அடித்தாலும் திருப்பி அடிக்கக் கூடாது. அடித்தால் “காட்டுமிராண்டிகள்” என்று உலகம் தூற்றும். இரண்டாவது, நாட்டின் தலைசிறந்த கட்சிகளைச் சில வருஷங்களுக்குள் வென்று காட்ட வேண்டும். அடக்கம், வெற்றி ஆகிய இரண்டும் ஒருங்கே அவர்களிடம் எதிர்பார்க்கப்பட்டன. வெள்ளைக்கார மாணவர்களுக்கு இப்படி யாரும் நிபந்தனை விதிக்கவில்லை.

அமெரிக்கக் கால்பந்து நம் ஊர்ப் பிள்ளைகள் ஆடும் கால்பந்து அன்று. முட்டை வடிவமான பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓட வேண்டும். எதிர்க் கட்சியார் பாய்ந்து பிடித்து வீழ்த்துவார்கள். 1912-ஆம் வருஷத்து விதிப்படி நான்கு முயற்சிகளுக்குள் பத்து கஜம் முன்னேறாவிட்டால் பந்து கைமாறிவிடும். பந்துடன் எல்லைக் கோட்டைக் கடந்தால் ஆறு பாயிண்டுகள். அக்காலத்தில் இந்த ஆட்டம் மல்யுத்தத்தைவிடக் கொடூரமாக இருந்தது. மரணங்கள் மலிந்ததால் 1905-ல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்டே கலாசாலைப் பிரதிநிதிகளை அழைத்துப் பேச நேர்ந்தது. அதன் பின் 1906-ல் விதிகள் திருத்தப்பட்டு, பந்தை முன்னோக்கி வீசலாம் என்ற அனுமதி பிறந்தது.

கார்லைல் மாணவர்களுக்கு அது நல்வாய்ப்பாக அமைந்தது. எதிர்க் கட்சிகளில் பருத்த சரீரமுள்ளவர்கள் அதிகம், இவர்களோ மெலிந்தவர்கள். ஆகவே பலத்துக்குப் பதிலாக வேகத்தையும் யுக்தியையும் கைக்கொண்டார்கள். 1907-ல் பெரிய சர்வகலாசாலைகளில் ஒன்றான பென்ஸில்வேனியாவை, பந்தை நெடுந்தூரம் வீசும் புதிய முறையினால் 26-க்கு 6 என்று வென்றார்கள். அந்த வருஷமே ஹார்வர்டும் அவர்களிடம் தோற்றது.

1912-ஆம் வருஷத்துக் கட்சிக்குப் பயிற்சி அளித்தவர் கிளென் வார்னர். கட்சியின் நட்சத்திரம் ஸாக்–பாக்ஸ் குலத்தைச் சேர்ந்த ஜிம் தார்ப். அந்தக் கோடையில்தான் அவர் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் பந்தயங்களில் ஐந்து அங்கப் போட்டி, பத்து அங்கப் போட்டி இரண்டிலும் தங்கப் பதக்கம் பெற்றுத் திரும்பியிருந்தார். அவருடன் கஸ் வெல்ஷ், ஜோ கையன், அலெக்ஸ் அர்காஸா முதலியோர் ஆடினர். செப்டம்பர் 21 முதல் நவம்பர் 28 வரை பதினான்கு பந்தயங்கள். அநேகமாக எல்லாம் வெளியூரிலேயே. வில்லனோவாவை 65-க்குச் சூன்யம் என்றும், ஸிரக்யூஸை 33-க்குச் சூன்யம் என்றும், கனடாவின் டொராண்டோவுக்குச் சென்று 49-க்கு 1 என்றும் வென்றார்கள். வாஷிங்டன்–ஜெப்பர்ஸன் கலாசாலையுடன் மட்டும் இரு தரப்பும் பாயிண்டு எடுக்காமல் ஆட்டம் சமமாக முடிந்தது.

பிறகு வந்ததுதான் வெஸ்ட் பாயிண்ட். தெற்கு டகோட்டாவில் ஊண்டட் நீ என்னுமிடத்தில் பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கணக்கான லகோட்டா மக்களை அமெரிக்கத் துருப்புகள் சுட்டு வீழ்த்தி அப்போது இருபத்திரண்டு வருஷங்கள்கூட நிறையவில்லை. பாதி ஆட்டத்தில் கார்லைல் 7, ராணுவம் 6. பிற்பாதியில் வேகம் பலத்தை வென்றது. அர்காஸா மூன்று முறை எல்லைக் கோட்டைக் கடந்தார். கையனை முறைதவறித் தாக்கியதற்காக ராணுவக் கட்சியின் தலைவரே மைதானத்தை விட்டு வெளியேற்றப்பட்டார். அன்று தார்ப்பைத் தடுத்து நிறுத்த முயன்ற ராணுவ மாணவர்களில் ஒருவர் ட்வைட் ஐஸன்ஹோவர்; பிற்காலத்தில் அமெரிக்க ஜனாதிபதியானவர்.

அடுத்த வாரமே பென்ஸில்வேனியாவிடம் 34-க்கு 26 என்று தோல்வி நேர்ந்தது. ஆயினும் கடைசிப் பந்தயத்தில் பிரவுன் சர்வகலாசாலையை 32-க்குச் சூன்யம் என்று வென்று, பன்னிரண்டு வெற்றி, ஒரு தோல்வி, ஒரு சமம் என்ற கணக்குடன் ஊர் திரும்பினார்கள். எடுத்தவை 504 பாயிண்டுகள், கொடுத்தவை 114.

இவ்வளவு புகழும் அவர்களுக்கு என்ன தந்தது? சில வாரங்களுக்குள்ளேயே தார்ப்பின் பதக்கங்கள் பறிபோயின. முன்பு கோடை விடுமுறையில் கூலிக்குப் பேஸ்பால் ஆடினார் என்பது குற்றச்சாட்டு. ஆட்சேபங்களை முப்பது நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற ஒலிம்பிக் விதி அவர் விஷயத்தில் நினைவுக்கு வரவில்லை. பள்ளியின் நிர்வாகத்தைப் பற்றியும், பந்தயங்களில் வசூலான பணத்தைப் பற்றியும் மாணவர்கள் கையொப்பமிட்டு முறையிட, 1914-ல் அமெரிக்கக் காங்கிரஸ் விசாரணை நடத்தியது. 1918-ல் பள்ளி மூடப்பட்டது. பூர்வகுடிகள் அனைவருக்கும் பிரஜா உரிமை கிடைத்தது 1924-ல்தான்.

தார்ப் 1953-ல் காலமானார். அவருக்கு நியாயம் அங்குலம் அங்குலமாகத்தான் வந்தது. 1982-ல் வெற்றியாளர்களில் ஒருவராக மட்டும் அங்கீகரித்தார்கள். தனிப்பெரும் வெற்றியாளர் என்று ஒப்புக்கொண்டது 2022-ல். கார்லைலில் பிணியுற்று மாண்டு, அங்கேயே புதைக்கப்பட்ட பிள்ளைகளின் எலும்புகள் 2017 முதல் சொந்த மண்ணுக்குத் திரும்பி வரத் தொடங்கியிருக்கின்றன.

பந்தாட்டத்தில் வென்றுவிட்டால் அடிமை விலங்கு அறுந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. அறவே அறுபடவில்லை என்பதற்கு மேற்கண்ட தேதிகளே சாட்சி. ஆனால் ஒன்று கவனிக்கத்தக்கது. தாம் யார் என்பதையே அப்பிள்ளைகள் மறந்துவிட வேண்டும் என்பதற்காக எழுந்தது அந்தப் பள்ளி. அதே பள்ளியின் மைதானத்தில், பல குலங்களிலிருந்து வந்த பிள்ளைகள், அந்நியர் இட்ட பெயர்களைச் சுமந்துகொண்டே, தம் மக்களின் கௌரவத்துக்காக ஓடினார்கள். கரும்பலகையில் இருந்த பெயர்களை எழுதியவர் யாரோ. 1912-ல் அவர்கள் ஈட்டிய பெயரோ அவர்கள் தாமே எழுதிக்கொண்டது. அதை அழிக்க எந்தப் பள்ளியாலும் முடியவில்லை.