தோள் தப்பியது, வெளிச்சம்?

பரத்பூர் கேவலாதேவ் பூங்காவில் பனிமூட்டம் விலகுமுன்பே சைக்கிள் ரிக்‌ஷா ஏறிவிடும் பறவைப் படக்காரர்களுக்குத் தோள்வலி பழகிப்போன ஒன்று. நிக்கானின் 600 மி.மீ. எஃப்/4இ லென்ஸ் மட்டுமே 3.8 கிலோ. அதனால்தான் சிலர் மிர்ரர்லெஸ் கேமராவுக்கு, அதிலும் ஒலிம்பஸும் பானாசோனிக்கும் 2008-ல் அறிவித்த மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸுக்கு, மாறிவிட்டார்கள். சென்சார் சிறியது; 300 மி.மீ. லென்ஸே 600 மி.மீ. அளவுக்குப் பறவையை நெருக்கிக் காட்டும். ஒலிம்பஸின் 300 மி.மீ. எஃப்/4 ஒன்றரைக் கிலோகூட இல்லை.

சிக்கல் விடியலில்தான். மங்கல் வெளிச்சத்தில் சிறிய சென்சார் படமெங்கும் புள்ளி தூவிவிடும். அரைக் கிலோவுக்கும் குறைவான 75-300 ஜூம் ஆசை காட்டும். ஆனால் முழு நீளத்தில் அதன் துளை எஃப்/6.7 தான். வெயிலில் மட்டும் படமெடுப்பவருக்கு அது போதும். பனிக்காலக் காலையில் சாரஸ் கொக்கைத் தேடிப் போகிறவர், கேமராவில் மிச்சம் பிடித்தாவது எஃப்/4 லென்ஸை வாங்குவதே புத்திசாலித்தனம்.