பைக்கை ரோட்டுலயே நிறுத்துங்க, மணல்ல முட்டை இருக்கு

உடன்குடின்னு சொன்னா ஹாஸ்டல்ல எல்லாரும் கேட்கிறது கருப்பட்டிதான். ஆனா ஊர்ல இருந்து கொஞ்ச தூரத்துலயே கடல் இருக்கு. ஒரு பக்கம் குலசேகரன்பட்டினம், இன்னொரு பக்கம் மணப்பாடு. இது மாதிரி மணல் கரையில முட்டையிடுற பறவைங்களைப் பத்திதான் இந்தக் கட்டுரை. கூடவே, ஸ்கூல் பசங்க வரையுற படம் அதுங்களை எப்படிக் காப்பாத்தும்னும் பார்ப்போம்.

உப்புக்கொத்தின்னு ஒரு பறவை. குருவியைவிடக் கொஞ்சம் பெரிசு. இதுல நம்ம பக்கத்து வகையை வேற இடத்து உப்புக்கொத்தியோட ஒண்ணாவே ரொம்ப காலம் எண்ணிட்டு இருந்தாங்க. 2023-லதான் டி.என்.ஏ ஆய்வு பண்ணி, இது தனி இனம்னு சொன்னாங்க. பேரு ஹனுமான் ப்ளோவர். ராமர் பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், அதாவது தென்னிந்தியாவும் இலங்கையும்தான் அதோட வீடு.

அது கூடு கட்டாது. அலை ஏறாத மேட்டு மணல்ல நெஞ்சை அழுத்தி ஒரு சின்னக் குழி பண்ணும். அதுல ரெண்டு மூணு முட்டை. மணல் நிறம், மேல கருப்புப் புள்ளி. ரெண்டடி தள்ளி நின்னாக்கூடத் தெரியாது. வெயில் கொதிக்கும்போது தாய் தன் வயித்து இறகைத் தண்ணியில நனைச்சுட்டு வந்து முட்டை மேல உட்காரும். ஆவியாதல் குளிர்ச்சி! நாம தெர்மோடைனமிக்ஸ்ல மார்க்குக்காகப் படிச்சதை அது வயித்துலயே வெச்சிருக்கு.

சிக்கலும் அந்த நிறத்துலதான் இருக்கு. காக்கா கண்ணுக்குத் தப்பின முட்டை நம்ம கண்ணுக்கும் தப்பிடும். கால் பட்டாலோ டயர் ஏறினாலோ மிதிச்சவனுக்கே தெரியாது.

ஆமை முட்டை மாதிரி எடுத்துட்டுப் போய்க் காப்பாத்தலாமேன்னு தோணும். சென்னையில மாணவர்கள் 1988-ல இருந்து ராத்திரி கடற்கரையில நடந்து ஆமை முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு மாத்துறாங்க. அங்க அது சரி, ஏன்னா ஆமை முட்டையிட்டுட்டுக் கடலுக்குப் போயிடும். இந்தப் பறவை மூணு வாரத்துக்கு மேல அடைகாக்கணும். முட்டையை நகர்த்தினா அந்தக் கூடு அதோட முடிஞ்சுது. அதனால நகர வேண்டியது நாமதான்.

இங்கதான் பசங்க வர்றாங்க. அமெரிக்காவுல நியூயார்க் பக்கத்துக் கடற்கரைகள்ல ஆடுபன் பறவை அமைப்பு, பள்ளிக் குழந்தைங்க வரைஞ்ச படங்களையே அறிவிப்புப் பலகையா நட்டு வைக்குது. பறவை, முட்டை, கோணல் மாணலா நாலு எழுத்து. அவ்வளவுதான். 'மீறினால் தண்டிக்கப்படுவீர்கள்' போர்டை நாம என்னிக்காவது முழுசாப் படிச்சிருக்கோமா? ஒரு மூணாம் வகுப்புப் பொண்ணு கிரேயான்ல போட்ட குஞ்சைத் தாண்டிப் போறது அவ்வளவு சுலபமில்ல. இன்னொரு லாபமும் இருக்கு: முட்டையோட புள்ளியை ஒருதடவை வரைஞ்ச குழந்தைக்கு மணல்ல கிடக்கிற நிஜ முட்டை கண்ணுல படும். நமக்குப் படாது.

நம்ம பக்கம் செய்யணும்னா ஃபிளெக்ஸ் வேண்டாம், கிழிஞ்சா அதுவே கடலுக்குள்ள போகும். மணப்பாடு ஓலைப் பொருளுக்குப் பேர்போன ஊர். பனை ஓலையிலயே பலகை பின்னலாம். ஆனா கூட்டுக்குப் பக்கத்துல நட்டுடாதீங்க. செல்ஃபிக்கு வழி காட்டின மாதிரி ஆயிடும். கரைக்கு இறங்குற பாதையில வெச்சாப் போதும். குஞ்சு பறக்க ஆரம்பிச்சதும் எடுத்துடணும். வருஷம் பூரா நிக்கிற போர்டை யாரும் பார்க்க மாட்டாங்க. குலசேகரன்பட்டினம் ராக்கெட் தளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ல அடிக்கல் நாட்டியாச்சு. இனி வேடிக்கை பார்க்க வர்ற கூட்டம் கூடும்னுதான் நினைக்கிறேன். பலகையை அதுக்கு முன்னாடியே வைக்கிறது நல்லது.

அடுத்த தடவை பீச்ல ஒரு சின்னப் பறவை இறக்கை ஒடிஞ்ச மாதிரி இழுத்துக்கிட்டே உங்க முன்னாடி ஓடுச்சுன்னா, பாவம்னு பிடிக்கப் போகாதீங்க. அது நடிக்குது, உங்களை முட்டைகிட்ட இருந்து தள்ளிக் கூட்டிட்டுப் போகுது. நின்னு காலடியைப் பாருங்க, வந்த தடத்துலயே கால் வெச்சுத் திரும்பிடுங்க.