பற்றுச்சீட்டும் தபாலதிபரும்

இலங்கையின் அச்சுவேலி போன்ற ஊர்களில் மின்கட்டணம் கட்ட வருபவரும், பதிவுத் தபால் அனுப்புபவரும், பரீட்சை அனுமதி அட்டை வந்ததா என விசாரிப்பவரும் தபாலகக் கருமபீடத்திலேயே கூடுவதால், சேவையின் தரம் பெரும்பாலும் தபாலதிபர், அதாவது அலுவலகப் பொறுப்பதிகாரி, செலுத்தும் மேற்பார்வையில் தங்கியுள்ளது. பதிவுத் தபாலுக்கு இலக்கமிட்டுப் பற்றுச்சீட்டு வழங்குவதும், பெறுநரிடம் கையொப்பம் வாங்கியே ஒப்படைப்பதும், அது காணாமற்போனால் கடைசியாக எவர் கையில் இருந்தது என அறிவதற்காகவே. ஆகவே கருமபீடத்தின் புன்சிரிப்பைவிட (அதுவும் வேண்டியதுதான்) ஒழுங்கான பதிவேடே மக்களுக்குப் பேருதவி. 1908ஆம் ஆண்டின் தபாலகக் கட்டளைச் சட்டம் வகுத்த இச்சேவையில், தபாலகத்தில் தீராத முறைப்பாடு தபால் அத்தியட்சகருக்கும், அவருக்கு மேல் தபால் மா அதிபருக்கும் செல்லலாம். பற்றுச்சீட்டு இல்லாத முறைப்பாட்டை விசாரிப்பது எவருக்கும் கடினம். கடிதம் சேரும்வரை பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.