சீன மந்திரியும் இளம்பயிர்க் கடனும்

நல்ல சட்டம் ஒன்றை இயற்றிவிட்டால் குடிகளின் துயரம் தீர்ந்துவிடும் என்று நம்புவோர் எக்காலத்திலும் உண்டு. சட்டம் பிறப்பது தலைநகரத்திலே. அது பலனளிக்க வேண்டுவதோ கிராமத்திலே. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழியில் அதற்கு நேர்வது என்ன என்பதை அறிய விரும்புவோருக்குப் பதினொன்றாம் நூற்றாண்டின் சீன சரித்திரத்தைப் போன்ற பாடம் வேறில்லை.

960-ம் ஆண்டில் ஸுங் வம்சத்தார் அரியணை ஏறிக் கைபெங் நகரைத் தலைநகராக்கினர். செல்வத்திலும் கல்வியிலும் அக்காலத்துச் சீனம் எந்நாட்டிற்கும் பின்னடைந்ததன்று. வறட்சியைத் தாங்கி விரைவில் விளையும் சம்பா தேசத்து நெல்விதையை 1012-ல் சக்ரவர்த்தியே குடியானவர்களுக்கு வழங்கச் செய்தார். ஸெச்சுவான் பகுதியில், இரும்பு நாணயத்தின் சுமை தாளாது வர்த்தகர் வழங்கி வந்த காகிதச் சீட்டை 1023-ல் சர்க்காரே மேற்கொண்டது. உத்தியோகங்களுக்குப் பரீட்சை உண்டு. எழுதியவர் பெயரை மறைத்து, கையெழுத்தாலும் ஆளை அறியாதபடி எழுத்தர்களைக் கொண்டு மறுபிரதி எடுத்த பின்னரே விடைகள் திருத்தப்பட்டன. சோழநாட்டுத் தூதர்களும் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் இந்த ராஜசபைக்குச் சென்றனர் என்பது நமக்கு நினைவிருக்கத் தக்கது.

இத்தனை சிறப்பிருந்தும் பொக்கிஷம் வறண்டிருந்தது. வடக்கே கித்தானியர் படையெடாதிருக்கும் பொருட்டு 1005 முதல் ஆண்டுதோறும் வெள்ளியும் பட்டும் கொடுத்துவர வேண்டியதாயிற்று. பத்து லட்சத்திற்கு மேற்பட்ட சேனையைப் போஷிக்கும் செலவு வேறு. பெருநிலக்காரர் பலர் வரிக்கணக்கிலிருந்து தப்பினர். பாரம் முழுவதும் ஏழைக் குடியானவன் தலையில் விழுந்தது.

இந்நிலையில் தோன்றியவர் வாங் அன்ஷி. 1021-ல் பிறந்த இவர், இளமையில் கடற்கரைப் பிரதேசமொன்றில் அதிகாரியாயிருந்தபோது, சர்க்கார் களஞ்சியத்துத் தானியத்தைக் குடிகளுக்குக் கடனாகக் கொடுத்து, அறுவடைக்குப்பின் திரும்பப் பெற்று, நற்பயன் கண்டவர். 1067-ல் பட்டத்துக்கு வந்த இளைஞர் ஷென்சுங் சக்ரவர்த்தி இவரைத் தேடி அழைத்தார். 1069-ல் சீர்திருத்தங்கள் தொடங்கின.

அவற்றுள் முதன்மையானது இளம்பயிர்க் கடன். பழைய தானியம் தீர்ந்து, புதுப்பயிர் விளையாதிருக்கும் மாதங்களிலேதான் குடியானவன் லேவாதேவிக்காரனுக்கு அடிமையாகிறான். அவ்வேளையில் சர்க்காரே கடன் கொடுத்து, நூற்றுக்கு இருபது வட்டியுடன் அறுவடையில் பெறுவதென ஏற்பாடு. தனியார் வாங்கிய வட்டியை நோக்க இது பெரும் சகாயமே. கட்டாய ஊழியத்திற்குப் பதிலாகப் பணம் செலுத்தலாம் என்றும், நிலங்களை அளந்து தரத்திற்கேற்ப வரி விதிப்பதென்றும் வேறு சட்டங்களும் வந்தன. இவற்றின் நோக்கத்தைக் குறைகூற எவருக்கு மனம் வரும்?

கெடுதல் நோக்கத்தில் இல்லை. நடத்திய விதத்தில் இருந்தது. எவ்வளவு தொகை கடனாகச் சென்றது, எவ்வளவு வட்டி வந்தது என்பதைக் கொண்டே உத்தியோகஸ்தரின் திறமை அளக்கப்பட்டது. அவர்களும் கணக்கை உயர்த்துவதிலே கருத்தாயினர். வேண்டியவனுக்கு உதவுவதற்கென ஏற்பட்ட கடன், வேண்டாதவன்மீதும் சுமத்தப்பட்டது. வாங்கியவன் கட்டத் தவறினால் ஜாமீனாக நின்ற அண்டை வீட்டானையும் பிடித்தனர். லேவாதேவிக்காரனிடம் கெஞ்சியாவது தவணை பெறலாம். சர்க்கார் சேவகனிடம் கெஞ்சுவது எங்ஙனம்?

1073-ல் வடநாட்டில் மழை பொய்த்தது. மறு ஆண்டில் பட்டினியால் வாடிய ஜனங்கள் கூட்டங்கூட்டமாகத் தலைநகருக்கு வந்தனர். நகர வாயிலொன்றில் காவல் அதிகாரியாயிருந்த செங் ஸியா என்பவர் அவர்களை நாள்தோறும் கண்டார். விலங்கு பூட்டப்பட்ட நிலையிலேயே, சர்க்கார் கடனைத் தீர்ப்பதற்காகத் தம் வீட்டு ஓடுகளையும் மரங்களையும் சுமந்து விற்கச் சென்றவர்களும் அக்கூட்டத்தில் இருந்தனர். அக்காட்சியைச் சித்திரமாக எழுதுவித்து, வழக்கமான வழியில் ஏற்றுக்கொள்ளப்படாமற் போகவே, அவசரத் தபாலில் அரசருக்கு அனுப்பினார். தம் சொற்படி நடந்தும் பத்து நாளில் மழை பெய்யாவிடில் தம் தலையை வெட்டலாம் என்றும் எழுதினார். சித்திரத்தைக் கண்ட சக்ரவர்த்தி அன்றிரவு உறங்கவில்லை. மறுநாளே சில சட்டங்களை நிறுத்தி வைத்தார். வாங் பதவி விலகினார். ஆயினும் சட்டங்கள் விரைவில் மீண்டன. நாடுகடத்தப்பட்டவர் செங் ஸியாவே. மறு ஆண்டில் மந்திரி பதவிக்குத் திரும்பிய வாங், 1076-ல் முற்றும் ஓய்வு பெற்றார்.

வாங் அன்ஷி பணத்தாசை கொண்டவரல்லர், எளிய வாழ்க்கையினர். ஆனால், குறை சொன்னவர்களையெல்லாம் பகைவராகக் கருதினார். எதிர்க்கட்சியின் தலைவர் சீமா குவாங்கோ மகா பண்டிதர். 1,362 ஆண்டுகளின் சரித்திரத்தை 294 பாகங்களில் எழுதி 1084-ல் முடித்தவர். அவரும் இக்குற்றத்திற்கு விலக்கல்லர். 1085-ல் சக்ரவர்த்தி காலமானதும் அதிகாரம் பெற்ற அவர், சீர்திருத்தங்களை ஒன்றன்பின் ஒன்றாக ரத்து செய்தார். அவர் கட்சியைச் சேர்ந்த கவி சூ ஷி, ஊழியத்திற்குப் பதில் பணம் என்ற சட்டம் மக்களுக்கு நன்மையானது, அதையேனும் விட்டுவைக்க வேண்டும் என்று வாதித்தார். முன்பு புதிய சட்டங்களைக் கண்டித்துச் சிறையும் நாடுகடத்தலும் கண்டவர் சூ ஷி. தம்மைத் தண்டித்த கட்சியின் சட்டத்திலும் நன்மையைக் கண்டு சொல்லும் நேர்மை அவரிடம் இருந்தது. அவர் சொல் ஏறவில்லை.

1086-ல் வாங்கும் சீமா குவாங்கும் சில மாத இடைவெளியில் மாண்டனர். பகை மாளவில்லை. சீர்திருத்தக் கட்சியின் பெயரால் ஆட்சிக்கு வந்த சாய் ஜிங் என்னும் மந்திரி, 1104-ல் எதிராளிகள் 309 பேரின் பெயரைக் குற்றவாளிகளெனத் தொகுத்துக் கல்லில் பொறிக்கச் செய்தார். சீமா குவாங், சூ ஷி இருவர் பெயரும் அதில் இருந்தன. 1127-ல் வடக்கிலிருந்து வந்த ஜூர்சென் படையினர் கைபெங்கைச் சூறையாடி, தந்தையும் மகனுமான இரு சக்ரவர்த்திகளைச் சிறைகொண்டு சென்றனர். அவ்வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. எனினும், ராஜ்யத்தின் தலைசிறந்த அறிவாளிகள் அரைநூற்றாண்டுக் காலம் ஒருவரையொருவர் வீழ்த்துவதிலே செலவிட்ட சக்தி நாட்டின் காவலுக்கு உதவவில்லை என்பது மறுக்கவொண்ணாதது.

பொதுவாழ்வில் ஈடுபட்டோர் இதிலிருந்து அறியவேண்டுவது யாது? சீர்திருத்தம் கூடாது என்பதன்று. லேவாதேவிக்காரன் பிடியிலிருந்து குடியானவனை மீட்க எண்ணிய வாங்கின் எண்ணம் போற்றத்தக்கதே. ஆனால் சட்டத்தின் வெற்றியை அதிகாரியின் கணக்குப் புத்தகத்தில் தேடுதல் தகாது. நகர வாயிலில் நின்று, வருவோர் முகத்தைப் பார்க்கும் காவற்காரனின் சொல்லுக்கும் சபையில் இடம் வேண்டும். எதிர்க்கட்சியான் சொல்லினும் மெய் மெய்யே என்று கொள்ளும் பெருந்தன்மையும் வேண்டும். இவ்விரண்டும் இல்லாதபோது, மக்களின் நன்மைக்கென்று செய்த சட்டமே மக்களின் கால்விலங்காகும்.